பெரியமேட்டில் இடது கைக்கு ஒரு கத்தி

"வெங்காயம் நறுக்கும்போதா?" என்று கேட்டார் டாக்டர்.

"இல்ல டாக்டர், பர்ஸ் நறுக்கும்போது" என்றாள் என் மகள்.

வலது கை ஆள்காட்டி விரலில் நான்கு தையல். வீட்டிலேயே தோலில் பர்ஸ், கார்டு ஹோல்டர், கீ செயின் செய்து விற்கப் போகிறேன் என்று ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தவள். ஆன்லைனில் 40 பொருள்கள் கொண்ட ஒரு 'கிட்' வரவழைத்திருந்தாள். ஊசி, நூல், சுத்தியல், துளை போடும் முள்கரண்டி மாதிரி ஒன்று, கூடவே ஒரு கத்தி. அந்தக் கத்திதான் ஸ்கேலின் மேல் ஏறி விரலைப் பதம் பார்த்துவிட்டது.

விரலைவிடப் பெரிய கவலை வேறொன்று. தோழி வீட்டுக் கல்யாணத்தில் தாம்பூலப் பையோடு கொடுப்பதற்காக 25 கார்டு ஹோல்டருக்கு ஆர்டர் எடுத்திருந்தாள். அவளுடைய முதல் ஆர்டர். அட்வான்ஸும் வாங்கிச் செலவழித்தாயிற்று. கல்யாணத்துக்கு 22 நாள்.

என் கணவர் கிட்டைத் தூக்கிப் பரண் மேல் போட்டார். மாமியார் தன் பங்குக்கு, "தோல்ல கை வைக்கிற வேலையே வேணாம்னேன். அதுவும் இடது கையால" என்று முணுமுணுத்தார். மகளுக்கு இடது கைப் பழக்கம். எழுதுவது, சாப்பிடுவது, கத்தி பிடிப்பது எல்லாமே இடது கை. இரண்டு வயதிலிருந்து மாமியார் மாற்றப் பார்த்தும் நடக்காத காரியம்.

கட்டுப் போட்ட விரலோடு அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்கு மனசு கேட்கவில்லை. பரணிலிருந்து அந்தக் கத்தியை மட்டும் எடுத்துக்கொண்டு, அவளையும் கூட்டிக்கொண்டு தெருமுனைக்குப் போனேன். அங்கே 15 வருடமாக ஒரு பெரியவர் செருப்புத் தைக்கிறார். எத்தனை ஜோடி கொடுத்திருப்பேன்! "எவ்வளவு?" என்பதைத் தவிர அவரிடம் நான் வேறெதுவும் கேட்டதில்லை.

கத்தியை வாங்கியவர், கட்டைவிரல் நகத்தின் மேல் அதன் முனையை லேசாகச் சாய்த்து வைத்து நகர்த்தினார். வழுக்கிக்கொண்டு போனது. தன்னுடைய கத்தியை அதேபோல் வைத்தார். நகத்தில் கடித்துக்கொண்டு நின்றது.

"பாத்தீங்களாம்மா? வழுக்குற கத்திதான் கைய வெட்டும். கூரு இருந்தா தோல்ல இறங்கும். இல்லாததால பாப்பா அழுத்தியிருக்கும். அழுத்தினா எங்க போகும்னு அதுக்கே தெரியாது."

பிறகு மகளிடம் கத்தியைப் பிடித்துக் காட்டச் சொன்னார். அவள் இடது கையில் பிடித்ததும் சிரித்துவிட்டார். "பாப்பா, இது சோத்துக்கைக் கத்தி!"

அதுவரை எங்கள் இருவருக்குமே தெரியாத சங்கதி அது. சமையலறைக் கத்தியைப் பாருங்கள். இரண்டு பக்கமும் சமமாகச் சரிந்து நடுவில் கூர் இருக்கும். தோல் வெட்டும் கத்திகளில் பலவற்றுக்கு ஒரு பக்கம் பட்டையாக, தட்டையாக இருக்கும். மறுபக்கம் மட்டும்தான் சரிவு. பட்டையான பக்கத்தை ஸ்கேலோடு ஒட்டிப் பிடித்து இழுத்தால் கோடு போட்ட மாதிரி வெட்டும். வலது கைக்காரர் இடது கையால் ஸ்கேலை அழுத்துவார். கத்தியின் இடப்பக்கம் பட்டை, சரியாக ஸ்கேலோடு உட்காரும். இடது கைக்காரருக்கு எல்லாமே தலைகீழ். சரிவான பக்கம் ஸ்கேலைப் பார்க்கும். கத்தி ஸ்கேலை விட்டு விலகி விலகி ஓடும். அதை இழுத்து நேராக்கச் சாய்த்துப் பிடித்தால் ஒரு நொடியில் ஸ்கேல் மேல் ஏறிவிடும். ஸ்கேல் மேல் இருப்பது விரல்.

"பெரியமேட்டுல கேட்டுப் பாருங்க. இடது கைக்குக் கிடைக்கலைன்னா பழைய ஹேக்ஸா பிளேடு ஒண்ணு வாங்கிட்டு வாங்க. பவர் ஹேக்ஸா, தடிமனா இருக்கும். நான் தேய்ச்சுத் தரேன்" என்றார்.

சனிக்கிழமை காலை பார்க் ஸ்டேஷனில் இறங்கினோம். ரிப்பன் மாளிகை, நேரு ஸ்டேடியம் வழியாக சைடன்ஹாம்ஸ் சாலைக்கு நடக்கும் தூரம்தான். சென்ட்ரலுக்கு எத்தனையோ முறை வந்திருக்கிறேன். பின்னால் இப்படி ஓர் உலகம் இருப்பது தெரியாது. முதலில் மூக்குக்குத்தான் ஊர் வந்துவிட்டது தெரிகிறது. புதுச் செருப்பு டப்பாவைத் திறந்தால் வருமே, அந்த வாசம் தெரு முழுக்க. கடை வாசல்களில் தோல் சுருள்கள் ஜவுளிக் கடையில் துணி அடுக்கிய மாதிரி. கறுப்பு, காப்பிக்கொட்டை நிறம், கிளிப்பச்சை, வெள்ளி ஜிகினாகூட. சந்துகளில் பக்கிள், ஜிப், பிசின் டின், நூல்கண்டு, செருப்பு அடிப்பாகம் என ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கடை. வெட்டிய துண்டுகளைக் கிலோ கணக்கில் கொட்டி விற்கிறார்கள். மகள் அந்தக் குவியலின் முன்னால் உட்கார்ந்தவள் அரை மணி நேரம் எழுந்திருக்கவில்லை.

"கத்தி வாங்க வந்தோம்" என்று தோல் கடைப் பெரியவரிடம் சொன்னேன். பாய் முதலில் கத்தியைப் பற்றிப் பேசவே இல்லை. "எந்தத் தோலும்மா வெட்டப் போறீங்க?" என்றார்.

இரண்டு துண்டுகளை எடுத்து வைத்தார். ஒன்று குரோம் தோல். குரோமியம் உப்பில் பதப்படுத்தியது. தொட்டால் வெண்ணெய் மாதிரி வளைகிறது. ஓரத்தை வெட்டிப் பார்த்தால் உள்ளே லேசான நீலச் சாம்பல். இன்னொன்று மரப்பட்டையில் பதப்படுத்தியது. கெட்டியாக, உள்ளேயும் வெளியேயும் ஒரே பழுப்பு. "ரெண்டும் ஒரே மாட்டுத் தோலா இருக்கலாம். ஆனா கத்திக்கு ரெண்டும் வேற வேற" என்றார். குரோம் தோல் கத்தியோடு சேர்ந்து இழுபடும். மெல்லிய, கூர்முனையுள்ள பிளேடு வேண்டும், ஒரே மூச்சில் இழுக்க வேண்டும். பட்டைத் தோல் நின்று கொடுக்கும். ஆனால், தடிமனாக இருந்தால் ஒரே இழுப்பில் வெட்ட நினைக்கக் கூடாது. முதலில் லேசாக ஒரு கோடு, அதே தடத்தில் இரண்டாவது, மூன்றாவது.

பேச்சுவாக்கில் அவர் சொன்ன இன்னொரு விஷயம். அந்தக் காலத்தில் மெட்ராஸிலிருந்து கப்பல் கப்பலாக இங்கிலாந்துக்குப் போன தோலெல்லாம் ஆவாரம் பட்டையில் பதப்படுத்தியதாம். ஆவாரம்பூ டீ குடித்தால் சர்க்கரை குறையும் என்று பொட்டலம் வாங்கி வைத்திருக்கும் எனக்கு, அந்தச் செடியின் பட்டை இப்படியொரு வேலை பார்த்திருக்கிறது என்பது புதுச் செய்தி.

கார்டு ஹோல்டருக்கு ஒன்றேகால் மில்லிமீட்டர் தடிமனில் பட்டைத் தோல் போதும் என்று எடுத்துக் கொடுத்தார். சதுர அடிக் கணக்கில்தான் விலை. ஒழுங்கற்ற தோலில் சதுர அடியை எப்படி அளப்பார்கள் என்று நான் விழித்தேன். மெஷினில் அளந்து பின்பக்கம் எழுதியே வருகிறது. கீழே ஓரத்தில் சின்னதாக ஓர் எண் இருந்தது.

அடுத்து, அவர் கைகாட்டிய கருவிக் கடை. எட்டுக்கு எட்டு இருக்கும். கடைக்காரர் மேஜையில் ஒரு துணியை விரித்து நகைக்கடை மாதிரி கத்திகளை எடுத்து வைத்தார்.

முதலில் என் கண்ணில் பட்டது அரைநிலா வடிவக் கத்தி. நடுவில் மரக் கைப்பிடி, கீழே பிறை மாதிரி பிளேடு. அவ்வளவு அழகு. எகிப்தில் ரெக்மிரே என்ற அமைச்சரின் கல்லறைச் சுவர் ஓவியத்தில் தோல் தொழிலாளர் கையில் இதே வடிவக் கத்தி இருக்கிறது. 3,400 ஆண்டுகளுக்கு முந்தைய ஓவியம். மகள் போனில் எடுத்துக் காட்டியபோது கடைக்காரரே ஆச்சரியப்பட்டார். குதிரைச் சேணம் செய்பவர்களுக்கு உயிர்நாடியான கருவி. முன்னால் தள்ளினால் நேர்க்கோடு, உருட்டினால் வளைவு, சாய்த்தால் ஓரத்தைச் சீவலாம். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருப்பதால் இடது கைக்கும் சரிப்படும். நான் வாங்கிவிடலாம் என்றே நினைத்தேன். கடைக்காரர்தான் தடுத்தார். "ரெண்டு கொம்பு இருக்கு பாருங்கம்மா. ஒரு கொம்பால வெட்டும்போது இன்னொரு கொம்பு எங்க இருக்குன்னு புதுசா பிடிக்கிறவங்களுக்குத் தெரியாது. ஏற்கெனவே விரல்ல கட்டு!" விற்கிறவரே வேண்டாம் என்கிறபோது கேட்டுக்கொள்வதுதான் மரியாதை.

அடுத்தது, நமக்கெல்லாம் தெரிந்த, முனை மழுங்கினால் ஒடித்துப் போடும் கட்டர். ஸ்டேஷனரிக் கடையில் கிடைப்பதுதானே என்று அலட்சியமாகப் பார்த்தேன். அதற்கும் ஒரு கதை உண்டு. 1956-ல் ஜப்பானில் யோஷியோ ஒகாடா என்பவர் கண்டுபிடித்தது. உடைந்த கண்ணாடித் துண்டின் கூரும், கட்டம் கட்டமாக ஒடித்துச் சாப்பிடும் சாக்லேட்டும்தான் அவருக்கு யோசனை கொடுத்தன. அவர் ஆரம்பித்த 'ஓல்ஃபா' கம்பெனியின் பெயருக்கே ஜப்பானிய மொழியில் 'ஒடிக்கும் பிளேடு' என்றுதான் பொருள்.

இதில் பார்க்க வேண்டியது அகலம். 9 மில்லிமீட்டர் பிளேடு காகிதத்துக்கு. தோலில் வைத்து அழுத்தினால் ஆடும், வளையும். 18 மில்லிமீட்டர் பிளேடு, இறுக்கிப் பூட்டும் திருகு, வெளியே ஒன்றிரண்டு கட்டம் மட்டும் நீட்டி வைத்தல் - இவ்வளவுதான். இரு பக்கமும் சரிவு இருப்பதால் எந்தக் கைக்கும் ஒத்துவரும். புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு என்னைக் கேட்டால் முதல் கத்தி இதுதான். சாணை பிடிக்கத் தெரிய வேண்டாம். மழுங்கியதா, ஒடி.

அப்படியானால் இதோடு வீட்டுக்குப் போயிருக்கலாமே? முடியாது. பர்ஸ், கார்டு ஹோல்டர் இவற்றில் தோல் மடங்கும் இடத்திலும், இரண்டு மூன்று அடுக்கு சேரும் இடத்திலும் ஓரத்தைச் சீவி மெலிதாக்க வேண்டும். 'ஸ்கைவிங்' என்கிறார்கள். சீவாவிட்டால் ஓரம் இட்லி மாதிரி உப்பிக்கொண்டு நிற்கும். அதற்குத்தான் அந்த ஒரு பக்கம் பட்டையான கத்தி. பட்டைப் பக்கம் தோலோடு படுத்துக்கொண்டு, உருளைக்கிழங்குத் தோல் சீவுகிற மாதிரி போக வேண்டும். வடநாட்டில் ராம்பி என்கிறார்கள். கடையில் ஆறு கத்திகள் இருந்தன. ஆறுமே சோத்துக்கைக் கத்தி.

"இடது கைக்கா? இத்தனை வருஷத்துல நாலு பேர் கேட்டிருந்தா அதிகம்" என்ற கடைக்காரர், மேஜைக்கு அடியிலிருந்து ஒரு கட்டு எடுத்துப் போட்டார். பட்டறைகளில் இரும்பு அறுத்துப் பல் தேய்ந்த பவர் ஹேக்ஸா பிளேடுகள். "இதுலதான் எல்லாரும் கத்தி அடிச்சுக்குவாங்க. இரும்பையே அறுத்த இரும்பு." ஒரு துண்டு 60 ரூபாய்.

கிளம்பும்போது மறுபடி தோல் கடைக்குப் போய் நன்றி சொன்னோம். கட்டரையும் பிளேடையும் பார்த்துவிட்டு பாய், "வெட்டுறதைக் கண்ணால பார்க்கணும்னா ஆம்பூர் போயிட்டு வாங்க. என் மச்சான் யூனிட் இருக்கு. சொல்லி வைக்கிறேன்" என்றார்.

புதன்கிழமை ஆம்பூர் போனோம். காட்பாடி தாண்டியதும் ஜன்னலில் பாலாறு. ஆறு என்று பெயர். நாங்கள் பார்த்தது மணல். 1996-ல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடர்ந்த வழக்கில்தான், மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும் என்று இந்தத் தோல் தொழிற்சாலைகளை வைத்து உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பையில் இரண்டு சதுர அடித் தோலை வைத்துக்கொண்டு அந்த மணலைப் பார்ப்பது அவ்வளவு சௌகரியமாக இல்லை. மகளும் ஒன்றும் பேசவில்லை.

யூனிட்டில் ஷூவின் மேல்பாகம் மட்டும் தயாராகிறது. உள்ளே வரிசையாகத் தையல் மெஷின்கள், பெரும்பாலும் பெண்கள். வெட்டும் பகுதிக்கு 'கிளிக்கிங்' என்று பெயர். அந்தக் காலத்தில் கையால் வெட்டும்போது கத்தி 'க்ளிக்' என்று சத்தம் போடுமாம், அதனால் வந்த பெயர். இப்போது பெரும்பாலும் சத்தம் வேறு. இரும்பு அச்சைத் தோலின் மேல் வைத்து பிரஸ்ஸை இழுத்தால் 'டொப்'. ஒரு நாக்கு, ஒரு பக்கவாட்டுத் துண்டு தயார்.

சாம்பிள் ஜோடிகளை மட்டும் இன்னும் கையால் வெட்டுகிறார்கள். 28 வருட அனுபவமுள்ள அண்ணன் ஒருவர். அவர் கத்தியைப் பார்த்ததும் எனக்கு ஏமாற்றம். சுண்டுவிரல் நீளப் பிளேடு, முனையில் லேசான வளைவு, மரப்பிடி. அவ்வளவுதான். அவர் முதலில் கத்தியைத் தொடவே இல்லை. ஆட்டுத் தோலை விரித்து இரண்டு கையாலும் இங்கும் அங்கும் இழுத்துப் பார்த்தார். முதுகெலும்பு போகும் வாக்கில் இழுத்தால் அதிகம் நீளவில்லை. குறுக்கே இழுத்தால் நீள்கிறது. வயிற்றுப் பக்கம் ரப்பர் மாதிரி. "கார்டு வைக்கிற பாக்கெட்டை வயித்துல வெட்டிட்டா ஆறு மாசத்துல வாய் பொளந்துடும்மா" என்று மகளிடம் சொன்னார். அவள் வீட்டில் செய்து வைத்திருந்த முதல் பர்ஸுக்கு அதுதான் நடந்தது. காசு வீணாகக் கூடாது என்று ஓரத்திலிருந்து வெட்டியிருந்தாள்.

பிறகு அட்டை மாதிரியைத் தோலின் மேல் வைத்து வெட்ட ஆரம்பித்தார். கத்தி ஏறத்தாழ ஒரே இடத்தில் நிற்கிறது, தோல்தான் திரும்புகிறது. வளைவு வரும்போது இடது கை அட்டையோடு தோலைச் சுழற்றுகிறது. "கத்திய வளைச்சா கை எங்கயோ போயிடும். தோலைத் திருப்பிக்கணும்." நாலு துண்டு வெட்டியதும் பக்கத்தில் பலகையில் ஒட்டியிருந்த தோல் பட்டையில் கத்தியை அப்படியும் இப்படியும் இழுத்தார். மழுங்கிவிட்டதா என்று கேட்டேன். "மழுங்கினப்புறம் இழுத்து என்ன பிரயோஜனம்?" என்றார், நிமிராமலேயே.

(ஆம்பூர் வரை போய் பிரியாணி சாப்பிடாமல் வந்தீர்களா என்று யாரும் கேட்க வேண்டாம். சாப்பிட்டோம். அந்தக் கத்திரிக்காய்க்காகவே இன்னொரு முறை போகலாம்.)

மறுநாள் மாலை தெருமுனைப் பெரியவரிடம் பிளேடைக் கொடுத்தோம். பக்கத்து வெல்டிங் கடையில் கிரைண்டரை இரவல் வாங்கிச் சரிவாகத் தேய்த்தார். ஒவ்வொரு முறையும் நான்கு நொடிதான். உடனே தண்ணீரில் முக்கிவிடுவார். பிறகு கல்லில் அரை மணி நேரம். மகளின் கையை நீட்டச் சொல்லிப் பிடி நீளத்தை அளந்து, அதன்மேல் சைக்கிள் டியூபைச் சுற்றினார். வலப்பக்கம் பட்டை, இடப்பக்கம் சரிவு. எங்கள் வீட்டில் முதல்முறையாக, இடது கைக்கென்று செய்த ஒரு பொருள்.

தீட்டும் விதத்தையும் சொல்லிக்கொடுத்தார். ஹார்டுவேர் கடையில் ஆயிரம் நம்பர், இரண்டாயிரம் நம்பர் வாட்டர் பேப்பர் வாங்கிக் கண்ணாடித் துண்டில் ஒட்டிக்கொண்டால் போதும். கடைசியில் பழைய பெல்ட்டின் உட்புறத்தில் பச்சை பாலிஷ் கட்டியைத் தேய்த்து, அதன்மேல் கத்தியைப் பின்பக்கமாக இழுக்க வேண்டும். கூர் முன்னால் போகக் கூடாது; போனால் பெல்ட்டையே வெட்டும். வெட்டுவதற்கு அடியில் பிளாஸ்டிக் கட்டிங் மேட். சமையலறை கிரானைட் மேல் வெட்டினால் பத்து நிமிடத்தில் கூர் போய்விடும். சீவுவதற்கு மட்டும் அந்தக் கிரானைட் நல்லது. கூலி 150 ரூபாய் கேட்டார்.

வேலை ஆரம்பித்த மூன்றாம் நாள் ஒரு சோதனை. மடிப்பு நிற்பதற்காகத் தோலை ஈரப்படுத்தி வைத்திருந்தாள். கத்தியை அதன் மேலேயே வைத்துவிட்டுத் தூங்கிவிட்டாள். காலையில் கத்தி கிடந்த இடத்தில் கன்னங்கரேல் என்று ஒரு தடம். துடைத்தாலும் போகவில்லை. மகள் அழ ஆரம்பிக்க, அதுவரை அந்த அறைப் பக்கமே எட்டிப் பார்க்காத என் மாமியார் வந்து நின்றார். தோலை வாங்கி மோந்து பார்த்தார்.

"பட்டைத் துவர்ப்புல இரும்பு பட்டா கறுக்காம என்ன பண்ணும்? கடுக்காயும் அன்னபேதியும் போட்டு எங்க தாத்தா மையே காய்ச்சுவார். இதே கறுப்புதான்" என்றவர், சமையலறைக்குப் போய் ஒரு எலுமிச்சம்பழ மூடியோடு வந்தார். அவர் தேய்க்கத் தேய்க்கக் கறை மங்கியது. முழுசாகப் போகவில்லை. அந்தத் துண்டை உள்பக்க அடுக்காக வைத்துத் தைத்துவிட்டாள். யார் வீட்டில் இருக்கிறதோ அந்தக் கார்டு ஹோல்டர்!

அன்றிலிருந்து ஈரத் தோலை வெட்ட, வேலைக்கு முன் துடைத்த கட்டர் மட்டும்தான். மாமியார் அதைத் தினமும் ஞாபகப்படுத்துகிறார்.

25 கார்டு ஹோல்டருக்கு 31 செட் வெட்ட வேண்டியிருந்தது. கல்யாணத்துக்கு முந்தின நாள் இரவு பதினொரு மணிக்குக் கடைசித் தையல். கணக்குப் பார்த்ததில் லாபம் என்று பெரிதாக ஒன்றும் நிற்கவில்லை. ஆம்பூர் ரயிலையும் பிரியாணியையும் சேர்த்தால் நஷ்டம்கூட. விரல் இன்னும் முழுசாக மடங்கவில்லை. டாக்டர் தினமும் பயிற்சி செய்யச் சொல்லியிருக்கிறார்.

மிச்சத் தோலில் தன் கத்திக்கு ஓர் உறை தைத்தாள். அதே அளவில் இன்னொன்று தைத்துத் தெருமுனைக்கு எடுத்துப் போனாள். பெரியவர் தன் கத்தியை அதில் நுழைத்துப் பார்த்தார். வெளியே எடுத்தார். மறுபடி நுழைத்தார். பிறகு ஓரத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பிடித்து, மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு சொன்னார்:

"இங்க ஒரு தையல் தாண்டியிருக்கு பாப்பா. கொடு, போட்டுத் தரேன்."